இரண்டு பேனலும் நூறு வோல்ட்டும்: பர்மா வீடுகளுக்கான சோலார் கேள்வி பதில்

போன மின்சாரம் திரும்பி வரும் நொடியில் ரங்கூன் தெருக்களில் பிள்ளைகள் "மீ லாபி!" என்று கூவுவார்கள். மின்சாரம் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் பர்மியச் சொல். அந்தக் கூவலுக்காகக் காத்திருந்து சலித்தவர்கள் கூரைமேல் பேனல் ஏற்றிவிட்டார்கள். பெகுவிலும் மோல்மேனிலும் மேமியோவிலும் உள்ள நம்மவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் எத்தனை வாட், எந்த பேட்டரி, எவ்வளவு விலை என்பவைதான். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பத்தில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. வீட்டில் எரிந்துபோன கன்ட்ரோலர்களில் நான் பிரித்துப் பார்த்தவற்றின் கதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும்.

பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் ஏகப்பட்ட எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

நான்கு எண்கள் போதும். வி.ஓ.சி. என்பது பேனலில் எதையும் மாட்டாமல் வெறுமனே வெயிலில் வைத்தால் அதன் இரு முனைகளுக்கிடையே நிற்கும் வோல்ட். வி.எம்.பி. என்பது நன்றாக வேலை செய்யும்போது நிற்கும் வோல்ட். ஐ.எஸ்.சி. என்பது இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஓடும் ஆம்பியர். ஐ.எம்.பி. என்பது வேலை நேரத்து ஆம்பியர்.

இந்தப் பக்கத்தில் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 550 வாட் பேனல். அதன் வி.ஓ.சி. 49.8 வோல்ட் அளவில் இருக்கும், வி.எம்.பி. 41.9, ஐ.எஸ்.சி. 14 ஆம்பியர், ஐ.எம்.பி. 13.1. உங்கள் பேனலில் சற்று மாறும். வாங்கியவுடன் ஸ்டிக்கரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் ஏற்றிய பிறகு யாரும் அடியில் தலையை நுழைத்துப் படிப்பதில்லை.

கன்ட்ரோலரின் வோல்ட் எல்லையோடு ஒப்பிட வேண்டியது வி.ஓ.சி. மட்டுமே. வி.எம்.பி.யை எடுத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஒவ்வொரு பேனலிலும் எட்டு வோல்ட்டைத் தொலைத்துவிட்டுத் தொடங்குகிறார்கள்.

என் கன்ட்ரோலர் 100 வோல்ட். பேனல் ஒவ்வொன்றும் 49.8. இரண்டைத் தொடராக, ஒன்றின் ப்ளஸை மற்றதன் மைனஸோடு, இணைத்தால் 99.6. எல்லைக்குள்தானே?

இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

ஸ்டிக்கரில் உள்ள 49.8 எல்லா நேரத்துக்கும் உரிய எண் அல்ல. தொழிற்சாலையில் பேனலின் செல் சரியாக 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது அளந்த எண் அது. செல் சூடானால் வோல்ட் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். இப்போது வரும் சிலிக்கன் பேனல்களில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.25 முதல் 0.34 சதவீதம். ஸ்டிக்கரிலோ விவரத்தாளிலோ இந்த எண் மைனஸ் குறியோடு இருக்கும். நம் உதாரணப் பேனலுக்கு 0.28 என்று வைத்துக்கொள்வோம்.

ரங்கூனில் ஜனவரி விடியலில் 15 டிகிரி வரை இறங்குவது உண்டு. 25-இலிருந்து பத்து டிகிரி கீழே. அதாவது 2.8 சதவீதம் ஏற்றம். 99.6 என்பது 102.4 ஆகிவிட்டது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், திஞ்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், கலோ மலையூரில் சித்தப்பா வீட்டுக்கு இதே அளவு பேனல் இரண்டைத் தொடராக மாட்டிக் கொடுத்தேன். நல்ல நண்பகல். மீட்டரை வைத்தேன். 90-க்குச் சற்றுக் கீழே காட்டியது. நூறுக்குப் பத்து வோல்ட் இடம் இருக்கிறது என்று நிம்மதியாகக் கன்ட்ரோலரில் சொருகிவிட்டு ஊர் திரும்பினேன். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஏப்ரல் வெயிலில் செல் 60 டிகிரிக்குக் கொதித்துக்கொண்டிருந்ததால் பத்து சதவீதம் இறங்கிக் காட்டியது, அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு காலை சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். இரவெல்லாம் பனி, விடிந்தும் மூட்டம் விலகவில்லை. எட்டு மணிக்குச் சட்டென்று மூட்டம் கலைந்து வெயில் நேராகப் பேனலில் அடித்திருக்கிறது. கன்ட்ரோலரின் பச்சை விளக்கு அணைந்தது. பிறகு எரியவே இல்லை. மூடியைக் கழற்றியபோது உள்ளே பேனல் முனைக்கு அருகில் இருந்த மின்தேக்கியின் தலை புடைத்திருந்தது. கீழே பலகை பழுப்பாக வெந்திருந்தது. அன்று காலை அங்கே மூன்று டிகிரி. கணக்குப் போட்டால் 105 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. அந்தக் கணக்கை நான் ஏப்ரலில் போட்டிருக்க வேண்டும். புதுக் கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டு போய் மாட்டினேன். பேனல்களைப் பக்க இணைப்புக்கு, அதாவது ப்ளஸ்கள் ஒன்றாகவும் மைனஸ்கள் ஒன்றாகவும் சேரும்படி, மாற்றினேன்.

பர்மாவே வெயில் நாடு. 2024 ஏப்ரலில் சௌக் ஊரில் 48.2 டிகிரி அடித்ததே. குளிரைப் பற்றி ஏன் கவலை?

அந்த 48.2 நம் நாட்டிலேயே பதிவான உச்ச வெப்பம். அந்த வெப்பம் கன்ட்ரோலரைக் கெடுப்பது வேறு வழியில். வோல்ட் எல்லையைப் பொறுத்தவரை வெப்பம் நமக்கு நண்பன். சதி செய்வது குளிர்காலத்துக் காலை வேளை.

அந்த வேளையில் மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. இரவெல்லாம் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடந்த பேனல் காற்றைவிடக்கூடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். ஒளி குறைவாக இருந்தாலும் வோல்ட் பெரிதாகக் குறையாது. ஐந்தில் ஒரு பங்கு வெயிலுக்கே ஏறத்தாழ முழு வி.ஓ.சி. வந்துவிடும், குறைவது ஆறேழு சதவீதம்தான். கன்ட்ரோலரும் அப்போதுதான் விழிக்கிறது; இன்னும் மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கவில்லை. எனவே பேனல் வெறுமனே நிற்கிற அதே வி.ஓ.சி. முழுதாகக் கன்ட்ரோலரின் வாசலில் வந்து நிற்கிறது.

டெல்டாவிலும் ரங்கூனிலும் இன்னொரு வேளையும் உண்டு. ஆடி, ஆவணி மழை கொட்டி ஓய்ந்ததும், நனைந்து குளிர்ந்த பேனலின்மேல் மேகத்தின் ஓரத்திலிருந்து வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த ஓரத்து ஒளி சில நொடிகள் வழக்கமான நண்பகல் வெயிலையும் மிஞ்சும். அப்போது ஸ்டிக்கர் எண் அப்படியே வரும். 99.6-இல் நிற்கும் வரிசை எல்லையின் விளிம்புக்கே வந்துவிடும்.

பேட்டரி நிரம்பிய நேரத்தையும் மறக்காதீர்கள். நிரம்பியதும் கன்ட்ரோலர் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். பேனல் வோல்ட் மறுபடி வி.ஓ.சி. பக்கமாக ஏறும்.

அப்படியானால் எவ்வளவு கூட்டிக் கணக்கிட வேண்டும்?

அமெரிக்க மின் விதிநூலின் 690.7 பிரிவில் இதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஊரின் மிகக் குறைந்த வெப்பநிலை 10 முதல் 14 டிகிரி என்றால் வி.ஓ.சி.யை 1.06-ஆல் பெருக்க வேண்டும். 0 முதல் 4 டிகிரி என்றால் 1.10. அதற்கும் கீழே, மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரி வரை போகும் இடம் என்றால் 1.12. நான் இதையே பின்பற்றுகிறேன். ரங்கூன், பெகு, மோல்மேன், தட்டோன், டெல்டா முழுவதற்கும் 1.06. மேமியோ, கலோ, தாங்ஜி போன்ற மேட்டு ஊர்களுக்கு 1.10. சின் மலைக்கு 1.12.

பேனல் 49.8 என்றால் ரங்கூனில் அதை 52.8 என்று எண்ணுங்கள், கலோவில் 54.8. அதைத் தொடரில் உள்ள பேனல் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 100 வோல்ட் கன்ட்ரோலருக்கு இந்தப் பேனலில் ஒன்றுதான் தொடரில் போகும், எந்த ஊரானாலும். 150 வோல்ட்டுக்கு இரண்டு. மூன்று போட்டால் ரங்கூனிலேயே 158. 250 வோல்ட்டுக்கு நான்கு.

சிறிய 100 வாட் பேனல், 36 செல் கொண்டது, வி.ஓ.சி. 22 அளவில் இருக்கும். அது நான்கு தொடரில் 100 வோல்ட்டுக்குள் அடங்கும். ரங்கூனில் 93, மலையில் 97. மலையில் இருப்பவர்கள் மூன்றோடு நிறுத்துவது நல்லது.

புதிதாக வரும் என்-டைப் பேனல்களில் வி.ஓ.சி. 51, 52 என்று ஏறிவிட்டது. பழைய வீட்டுக் கணக்கை அப்படியே புதுப் பேனலுக்குப் போடாதீர்கள். அவற்றில் இரண்டு சேர்ந்தால் வெப்பநிலைக் கணக்கே தேவையில்லாமல் நூறைத் தாண்டும்.

கன்ட்ரோலர் தயாரிப்பாளர் நூறு என்று எழுதும்போது கொஞ்சம் இடம் விட்டுத்தானே எழுதியிருப்பார்?

அந்த நம்பிக்கையில் வீட்டுப் பணத்தைப் பணயம் வைக்காதீர்கள். விக்ட்ரான் நிறுவனத்தின் 150 வோல்ட் கன்ட்ரோலர் வகைகளின் விவரத்தாளைப் பாருங்கள்: கடுங்குளிரிலும் தாண்டக் கூடாத எல்லை 150, வேலை செய்யத் தொடங்கவும் ஓடவும் எல்லை 145. இபிவர் நிறுவனத்தின் ட்ரேசர் வரிசையில் உள்ள நூறு வோல்ட் வகையில் இன்னும் தெளிவு: மிகக் குறைந்த வெப்பநிலையில் 100, ஆனால் 25 டிகிரியில் 92-க்கு மேல் கூடாது என்று இரண்டு எண் தந்திருக்கிறார்கள். அந்த 92-ஐப் பார்த்தாலே நம் 99.6 எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். குளிருக்கான இடத்தை நமக்காக அவர்களே ஒதுக்கித் தந்த எண் அது.

பேனல் ஸ்டிக்கரில் அதிகபட்ச அமைப்பு வோல்ட் 1500 என்று இருக்கிறதே. அப்புறம் என்ன பயம்?

அது பேனலின் காப்பு தாங்கும் எல்லை. பெரிய சூரியப் பண்ணைகளில் முப்பது பேனல் வரை தொடரில் கோப்பார்கள், அதற்காக எழுதியது. உங்கள் கன்ட்ரோலருக்கும் அந்த எண்ணுக்கும் எந்த உறவும் இல்லை.

வாட் கூடினால் பரவாயில்லை என்கிறார்கள், வோல்ட் கூடினால் மட்டும் ஏன் இப்படி?

எம்.பி.பி.டி. கன்ட்ரோலர், அதாவது பேனலின் உயர்ந்த வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் வகை, மின்னோட்டத்தைத் தானே இழுக்கிறது. தேவையானதை இழுக்கும், மிச்சத்தை விட்டுவிடும். 30 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 40 ஆம்பியர் தரும் அளவு பேனல் இருந்தாலும் அது 30-இல் நின்றுகொள்ளும். பந்தியில் இலை நிறையப் பரிமாறினாலும் வயிறு கொண்ட மட்டும் சாப்பிட்டு எழுவதைப் போல.

வோல்ட் அப்படி இல்லை. அது இழுக்கப்படுவது அல்ல. பேனலிலிருந்து வந்து கன்ட்ரோலரின் மேல் தானாக நிற்பது. உள்ளே இருக்கும் மின்தேக்கியும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சும் இத்தனை வோல்ட் என்று செய்யப்பட்டவை. தாண்டினால் காப்பு உடைகிறது. மறுப்பதற்குக் கன்ட்ரோலரிடம் எந்த வழியும் இல்லை. சில கன்ட்ரோலர்கள் எல்லைக்கு அருகில் வந்ததும் வேலையை நிறுத்திப் பிழை காட்டும்; விக்ட்ரானில் அது பிழை எண் 33. அதைக் கண்டால் உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை நிறுத்தினாலும் வோல்ட் வாசலில்தான் நிற்கிறது.

வாட் தாராளம் என்றாலும் ஐ.எஸ்.சி. எல்லையைப் பாருங்கள். விக்ட்ரான் 100/30-க்கு (100 வோல்ட், 30 ஆம்பியர் வகை) அது 35 ஆம்பியர். 14 ஆம்பியர் பேனல் இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தால் 28, சரி. மூன்று என்றால் 42. ப்ளஸும் மைனஸும் மாறிப் போன நாளில் அந்த எல்லைதான் கன்ட்ரோலரைக் காக்கும்.

ஃபியூஸோ சர்ஜ் பாதுகாப்புக் கருவியோ போட்டால் வோல்ட் ஏற்றத்தைத் தடுக்காதா?

தடுக்காது. ஃபியூஸ் ஆம்பியரைப் பார்த்து உருகுவது. வோல்ட் அதற்குத் தெரியாது. சர்ஜ் கருவி இடி மின்னலின் கண்சிமிட்டும் நேரத்துப் பாய்ச்சலைப் பூமிக்கு இறக்குவது. மணிக்கணக்கில் நிற்கும் ஐந்து வோல்ட் மிகையை அது தடுக்க முயன்றால் அதுதான் எரியும். இரண்டும் வேண்டியவை, இந்த வேலைக்கு அல்ல.

12, 24, 48 வோல்ட் பேட்டரிகளுக்குத் தொடர் இணைப்பா, பக்க இணைப்பா?

மேலே சொன்னது உச்சி எல்லை. கீழேயும் ஓர் எல்லை இருக்கிறது: பேனல் வோல்ட் பேட்டரி வோல்ட்டைவிட மேலே இருந்தால்தான் கன்ட்ரோலர் வேலை செய்யும். விக்ட்ரான் வகைகள் தொடங்குவதற்குப் பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதல் கேட்கும். தொடங்கிய பின் 1 வோல்ட் போதும். இங்கே ஏப்ரல் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். தகரக் கூரைமேல் செல் 70 டிகிரி ஆகும்போது நம் பேனலின் 41.9 வி.எம்.பி. 35 அளவுக்கு இறங்கிவிடும்.

12 வோல்ட் பேட்டரிக்கு 35 தாராளம். 24 வோல்ட் பேட்டரிக்கும் போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 24 வோல்ட் பேட்டரி நிரம்பும்போது 28, 29-தான். எனவே 12-க்கும் 24-க்கும் 100 வோல்ட் கன்ட்ரோலர், 550 வாட் பேனல்கள் என்றால் எல்லாம் பக்க இணைப்பு. தொடரே வேண்டாம்.

48 வோல்ட் பேட்டரிக்காரர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பேனலின் 41.9 பேட்டரியை எட்டவே எட்டாது. இரண்டைத் தொடரில் கோத்தால் நூறைத் தாண்டும். ஒன்று போதாது, இரண்டு மிஞ்சும். இந்தப் பேனலையும் 48 வோல்ட் பேட்டரியையும் 100 வோல்ட் கன்ட்ரோலரில் சேர்க்க ஒழுங்கான வழியே இல்லை. 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள். அதில் இரண்டு தொடர்: குளிரில் 110-க்குள், கோடையில் 70. மேலும் இடம், கீழும் இடம். கடைக்காரர் 100 வோல்ட்டைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பக்க இணைப்பில் கம்பி சூடாகிறது, மின்சாரம் வழியிலேயே வீணாகிறது என்கிறார்கள். உண்மையா?

உண்மை. தொடர் இணைப்பை எல்லோரும் விரும்புவதற்குக் காரணமே அதுதான். 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.005 ஓம் தடை. கூரையிலிருந்து கன்ட்ரோலர் 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர்; 0.15 ஓம். இரண்டு பேனல் பக்க இணைப்பில் 26 ஆம்பியர் ஓடினால் 3.9 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 41.9-இல் அது பத்தில் ஒரு பங்குக்கு அருகில். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 2.6 வோல்ட்டாகக் குறையும். இல்லையென்றால் ஒவ்வொரு பேனலுக்கும் தனிக் கம்பி இறக்கிக் கீழே சேர்க்கலாம். தடித்த கம்பியின் விலை புதுக் கன்ட்ரோலரின் விலையைவிடக் குறைவு.

பக்க இணைப்பில் ஒவ்வொரு பேனலுக்கும் ஃபியூஸ் வேண்டுமா?

இரண்டு பேனல் என்றால் வேண்டாம். மூன்று முதல் வேண்டும். ஒரு பேனல் பழுதானால் மற்றவை அதற்குள் பின்னோக்கி மின்னோட்டத்தைத் தள்ளும். இரண்டில் ஒன்று பழுதானால் மற்றதிலிருந்து 14 ஆம்பியர்தான் வரும். ஸ்டிக்கரில் பேனல் தாங்கும் தொடர் ஃபியூஸ் அளவு 25 என்று இருக்கும், அடங்கிவிடும். மூன்றில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டிலிருந்து 28. அது 25-ஐத் தாண்டிவிட்டது. தீப்பிடிக்கும் கதை இங்கேதான்.

பழைய 300 வாட் பேனல் இரண்டு கிடக்கிறது. புதியதோடு சேர்க்கலாமா?

தொடரில் சேர்த்தால் ஆம்பியர் குறைந்த பேனல் மற்றவற்றையும் தன் அளவுக்கு இழுத்துவிடும். பக்க இணைப்பில் சேர்த்தால் வோல்ட் ஒத்துப்போக வேண்டும். 60 செல் பழைய பேனல் 39, 40 வோல்ட், புதியது 49.8 என்றால் ஒத்துப்போகாது. பழைய இரண்டுக்கும் ஒரு சிறு கன்ட்ரோலர் தனியாக வைத்து அதே பேட்டரியில் சேருங்கள். அதுவே சிக்கனம்.

கடையில் மலிவாக ஒரு கன்ட்ரோலர் தருகிறார்கள், மேலே எம்.பி.பி.டி. என்று அச்சடித்திருக்கிறது. நம்பலாமா?

அச்சை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். வெயில் நேரத்தில் பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது கன்ட்ரோலரின் பேனல் முனைகளில் அளந்து பாருங்கள். பேனல் வோல்ட் 35-க்கு மேல் நிற்கிறது, பேட்டரி 13 என்றால் உண்மையான எம்.பி.பி.டி. இரண்டும் 13, 14 என்று ஒட்டி நின்றால் அது பி.டபிள்யூ.எம்.; பேனலை நேராகப் பேட்டரியோடு இணைத்து இணைத்து விடும் வகை. அதில் 550 வாட் பேனலை மாட்டினால் 13 ஆம்பியரை 13 வோல்ட்டில் தரும்: 170 வாட். நீங்கள் வாங்கிய வெயிலில் மூன்றில் ஒரு பங்குகூட வீடு வந்து சேராது. அந்த வகைகளில் பல 12 வோல்ட்டுக்கு 25, 24 வோல்ட்டுக்கு 50 வோல்ட்டையே பேனல் எல்லையாக வைத்திருக்கின்றன. ஒரே ஒரு 49.8 பேனல்கூட அதற்கு மிகை.

கன்ட்ரோலரும் உள்ளேயே அடங்கிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்கினேன். அதில் 500 வோல்ட் வரை என்று இருக்கிறது. கவலை இல்லைதானே?

எரிந்துபோகும் கவலை குறைவு. எட்டு பேனல் தொடரில் வைத்தாலும் மலைக் கணக்கில் 438. எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் கீழ் எல்லை இங்கே கடிக்கும். இந்த வகைகளில் பலவும் 120 வோல்ட்டுக்கு மேல்தான் வேலை செய்யும். மூன்று பேனல் ஜனவரியில் ஓடும்; ஏப்ரல் நண்பகலில் 105-க்கு இறங்கி நின்றுவிடும். நான்குக்குக் குறையாமல் வையுங்கள். வாங்குவதற்கு முன் விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரே தோற்றத்தில் 145 வோல்ட் எல்லை உள்ள வகையும் விற்கிறது.

இன்னொன்று, உயிர்க் கவலை. 300, 400 வோல்ட் டி.சி., அதாவது பேனல் தரும் நேர் மின்சாரம், உடலில் பட்டால் ஆளைக் கொல்லும். அந்த வரிசையை மாட்டுவதற்குத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் கூரையேறும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள்.

எதை முதலில் இணைப்பது?

முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் 12-ஆ 24-ஆ 48-ஆ என்று தெரிந்துகொள்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் எங்கே இறக்குவது என்று தெரியாமல் வெளிமுனை வோல்ட் ஏறிவிடலாம். லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புப் பலகை நடுவில் துண்டித்தாலும் இதே நிலைதான். அதனால் சார்ஜ் வோல்ட்டைப் பேட்டரி தயாரிப்பாளர் சொன்ன எண்ணுக்கு மேல் வைக்காதீர்கள்.

இணைக்கும் முன் ஒவ்வொரு வரிசையையும் மீட்டரில் அளந்து ப்ளஸ், மைனஸ் சரிபாருங்கள். மீட்டர் திருகு டி.சி.யில், 600 அல்லது 1000 வோல்ட்டில் இருக்கட்டும்.

வீட்டில் இருக்கும் சாதாரண பிரேக்கரைப் பேனல் கம்பியில் போடலாமா?

கூடாது. வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுகிறது. பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடும். டி.சி.க்கு அந்த இடைவெளியே கிடையாது. பொறி நின்று எரியும், பிளாஸ்டிக் உருகும். டி.சி. என்று எழுதிய இருமுனை பிரேக்கர் வாங்குங்கள். சிலவற்றில் ப்ளஸ் எந்தப் பக்கம் என்று குறி இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் போடாததற்குச் சமம். வெயில் அடிக்கும்போது பேனல் கம்பிகளைக் கோக்கும் எம்.சி.4 முனைகளைப் பிடுங்குவதும் இதே ஆபத்துதான். முதலில் பிரேக்கரை இறக்குங்கள், பிறகு முனையைத் தொடுங்கள்.

அண்ணா, எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேனல் தொடரில், 100 வோல்ட் கன்ட்ரோலரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது என்ன செய்வது?

ஒரு வருடம் ஓடியது என்பதால் விட்டுவிடாதீர்கள், தம்பி. இன்று மாலையே மாற்றலாம், பெரிய செலவு இல்லை. பக்க இணைப்புக்கான எம்.சி.4 கிளை முனை ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்; ப்ளஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று. அதற்கு முன் இரண்டு பேனலின் ஐ.எஸ்.சி.யையும் கூட்டிக் கன்ட்ரோலரின் ஐ.எஸ்.சி. எல்லையோடு ஒப்பிடுங்கள். நம் பேனலுக்கு 28. விக்ட்ரான் 100/20 போன்றவற்றின் எல்லை 20-தான்; அப்படியானால் ஒரு பேனலை மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

பொழுது நன்றாகச் சாய்ந்து இருட்டும் வரை பொறுங்கள். இருட்டில் பேனலில் வோல்ட் இருக்காது. முதலில் பிரேக்கரை இறக்கி, மீட்டரில் சுழியம் என்று பார்த்துக்கொண்டு, இரண்டு பேனலையும் இணைக்கும் நடு முனையைப் பிரியுங்கள். இரண்டு ப்ளஸையும் ஒரு கிளை முனையில், இரண்டு மைனஸையும் மற்றதில். 'டக்' என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். பாதி ஏறிய முனையில் மழை நீர் புகும். பிரேக்கரை ஏற்றாமலே விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

காலையில் வெயில் வந்ததும் பிரேக்கரின் பேனல் பக்க முனையில் அளந்து பாருங்கள். தொண்ணூறு, நூறு என்று காட்டினால் இணைப்பு இன்னும் தொடரில்தான் இருக்கிறது; ஏற்றாதீர்கள். ஐம்பதை ஒட்டிக் காட்டி, ப்ளஸ் மைனஸும் சரியாக இருந்தால் ஏற்றுங்கள்.